குறைந்தபட்சத் தொகை

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமியார் எழுதுவது. பஸ்ஸில் இடுப்பு பிடித்துக்கொண்டது, மற்றபடி பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் என் மகனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? வாண்டுக்கு இருமல் நின்றதா?

தம்பி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டான். பெட்டியை என்னைத் தூக்க விடவில்லை. "அக்கா, எத்தனை நாள் வேணும்னாலும் இரு" என்றான். பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டி, "மூணு மாசம்தானே அண்ணி?" என்றாள். மூன்றே மாதம்தான் என்றேன். நீ என்னிடம் சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்?

போனை ஏன் அணைத்தே வைத்திருக்கிறீர்கள் என்று தம்பி கேட்டான். கிரெடிட் கார்டு கடனுக்காகப் பேங்க்காரன் நம் மூன்று பேர் நம்பருக்கும் நாள் முழுக்கக் கூப்பிடுகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. "மருமகள் கையெழுத்து அழகு, கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. என் போனுக்கு இனிமேல் பணம் போடாதே.

நான் இல்லாததால் பால் ஒரு பாக்கெட் போதும். பேப்பரையும் நிறுத்திவிடு. அந்த வீட்டில் கடைசிப் பக்க விளம்பரம் வரை படிக்கிறவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் அந்த வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். இதை உன்னிடம் நூறு முறை சொல்லியிருப்பேன், இது நூற்று ஒன்று.

என் அறை ஜன்னலை மாலையில் சாத்திவிடு, தூசி வரும். நான் வரும்போது கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கக் கூடாது.

எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் மாமியார்


ஜனவரி 27

அத்தைக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. இடுப்பு இப்ப எப்படி இருக்கு? பெட்டியோட ஓரத்துல தைலம் வச்சிருந்தேன், பார்த்தீங்களா? இங்க எல்லாரும் இருக்கோம். வாண்டுக்கு இருமல் நின்னுடுச்சு, வாய்தான் நிக்கலை.

பதில் எழுத நாளாயிடுச்சு. மருந்துக்கடையில இப்ப ரெண்டு ஷிஃப்டும் நானே பில் போடறேன். முழுக்க நிக்கற வேலை, வீட்டுக்கு வரும்போது செருப்பு கழட்ட முடியாம கால் வீங்கியிருக்கு.

பாலைக் குறைச்சாச்சு. பேப்பர், டிவி, நெட் எல்லாம் நிறுத்தியாச்சு. வண்டியை வித்தாச்சு, அவர் பஸ்லதான் போறார். பாத்திரம் தேய்க்க வர்ற அம்மாவை வேண்டாம்னு சொன்னப்ப அவங்க, "கண்ணு, நான் வேணா பாதிக் காசுக்கு வர்றேன்"னாங்க. அதுவும் இல்லைன்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு. வாண்டோட டான்ஸ் கிளாஸும் போச்சு. "எனக்குப் பரவால்லம்மா, டீச்சர்தான் அழுவாங்க"ங்கறா.

ஒண்ணு சொல்லணும் அத்தை. உங்க மேல கோபம் இல்லைன்னு எழுதினா அது பொய். அவர் சம்பளம், என் சம்பளம் ரெண்டுலேர்ந்தும் எடுத்து கார்டு பில்லுக்குன்னு மாசாமாசம் உங்க கையில கொடுத்தேன். நாங்க வேலைக்குப் போயிடறோம், நீங்கதான் பேங்க் போவீங்க. அந்தப் பில்லுல ரெண்டு தொகை போட்டிருக்கும். முழுசாக் கட்ட வேண்டியது ஒண்ணு, குறைஞ்சபட்சம் கட்ட வேண்டியது ஒண்ணு. நீங்க சின்னதை மட்டும் பார்த்துக் கட்டிட்டு, மிச்சத்தை வீட்டுச் செலவுல போட்டுட்டதா சொல்றீங்க. ஒரு வருஷத்துக்கு மேல இப்படி. வட்டிக்கு மேல வட்டி ஏறினது தெரியாம நான் கார்டை நீட்டிட்டே இருந்திருக்கேன். கடைசியில ஸ்கூல் ஃபீஸ் கட்டற ஜன்னல்ல, "இது செல்லாது மேடம், அடுத்த ஆள் வாங்க"ன்னுட்டாங்க. அடுத்த ஆள் வாண்டோட கிளாஸ் பொண்ணோட அம்மா.

"கணக்கில் முதல்"னு எழுதியிருக்கீங்க. சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

ரெண்டு லட்சத்துக்குப் பக்கம் நிக்குது. கொஞ்சம் இறங்கட்டும், நீங்க வந்துடலாம்.

அவர் உங்களுக்குத் தனியா எழுதறேன்னார். உடம்பைப் பார்த்துக்குங்க.

மருமகள்


பிப்ரவரி 3

என் மகனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

வீட்டுக்கு எழுதாமல் உன் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நெஞ்செரிச்சல் வந்தால் வெறும் வயிற்றில் டீ குடிக்காதே.

உன் பெண்டாட்டியின் கடிதம் வந்தது. மாமியாருக்குப் பில் படிக்கத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாள். அவள் மேல் குற்றமில்லை. நான் சொன்னதை நம்பித்தான் எழுதுகிறாள். ஆனாலும் அதை அவள் கையெழுத்தில் பார்த்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது.

எனக்கா படிக்கத் தெரியாது? உன் கம்பெனியில் மேசை நாற்காலி விற்காமல் பாதிச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்த மாதம், பேங்க் போகும் வழியில் தெருமுனையில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "சின்னத் தொகையை மட்டும் கட்டும்மா, மிச்சத்தை எங்கிட்ட கொடு, ரெண்டே மாசம்" என்றாய். அவள் கடனுக்கென்று கொடுத்த பணத்தை என்னிடம் வாங்கி, உன் சம்பளத்தின் மறுபாதி என்று அவள் கையிலேயே கொடுத்தாய். அவள் அதை எண்ணி, அதிலிருந்தே மறுபடி கடனுக்கென்று என்னிடம் தந்தாள். ஒரே பணம் வீட்டுக்குள்ளேயே மூன்று கை சுற்றி வந்தது. பேங்கில் கடன் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு மாதமும் "வேண்டாம்டா, அவளிடம் சொல்லிவிடு" என்றேன். ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாசம்" என்றாய்.

அவள் கேட்ட அன்று நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். யாராவது ஒருவர் பேச வேண்டுமே என்று நான் பேசினேன். மாமியார் மக்கு என்றால் எந்த வீட்டிலும் சிரித்துவிட்டுப் போவார்கள். புருஷன் ஒரு வருஷமாக ஏமாற்றினான் என்றால் அப்படிப் போக மாட்டார்கள். அதனால் பேசினேன்.

அந்த வீட்டில் ஒரு மக்காகத் திரும்பி வர எனக்கு இஷ்டமில்லை. நான் வருவதற்குள் நீயே உன் வாயால் அவளிடம் சொல்லிவிடு. வேறு வாயால் கேட்டால் தாங்க மாட்டாள்.

இரண்டு வரி எழுது.

அம்மா


பிப்ரவரி 21

அன்புள்ள மருமகளுக்கு,

நான் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். உன் கால் வீக்கம் வற்றியதா? படுக்கும்போது காலுக்கடியில் என் தலையணையை வைத்துக்கொள், அது இப்போது சும்மாதானே கிடக்கிறது.

உங்கள் கணக்கில் கொஞ்சம் பணம் வந்திருக்கும். தம்பி போட்டது. "அக்கா வீட்டுக் கஷ்டம் என் கஷ்டம் இல்லையா" என்று அவனே போய்ப் போட்டுவிட்டு வந்தான். நன்றி சொல்லி எழுதாதே, கூச்சப்படுவான். மாதாமாதம் முடிந்ததைப் போடுவான்.

அவன் பெண்டாட்டியும் நல்லவள்தான். சிக்கனக்காரி. டீ டம்ளருக்குச் சர்க்கரை டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவாள் என்று நினைக்கிறேன். போகட்டும், சர்க்கரை வியாதி வராது.

கார்டு விஷயம். கையில் எது இருந்தாலும் கடன் முதலில் குறைகிற மாதிரி கட்டு. சின்னத் தொகையைக் கட்டினால் அது பெரும்பாலும் வட்டிக்கே போய்விடும், அசல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். புதிதாக வாங்கும் சாமானுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அதனால் அந்தக் கார்டைக் கையில் எடுக்காதே. கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினாலும் பாவமில்லை.

என் மகன் எழுதுவான் என்று சொன்னாய். தபால் இன்னும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

வாண்டிடம் நான் முத்தமிட்டதாகச் சொல்.

உன் மாமியார்


மார்ச் 30

அத்தைக்கு,

நல்லா இருக்கீங்களா? உங்க கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தினமும் எழுதணும்னு நினைப்பேன், சாப்பிட்டு உட்கார்ந்தா பேனா கையிலேர்ந்து விழுந்துடுது. வாண்டுக்கு ரெண்டு பல் விழுந்துடுச்சு. உங்களுக்கு அனுப்பணும்னு ஒரு பல்லைத் தாள்ல சுத்தி வச்சிருந்தா. தபால்ல போகாதுன்னு சொன்னதுக்கு அழுதா.

மாமா போட்ட பணம் ரெண்டு தடவையும் வந்துது. அப்படியே கார்டுல கட்டிட்டேன். அவருக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்.

நீங்க கார்டைப் பத்தி எழுதினதை ரெண்டு தரம் படிச்சேன். எங்க கடைக்கு வர்ற பேங்க் ஆபீசர் எனக்குச் சொன்னதும் இதேதான். இவ்வளவு தெரிஞ்சவங்க எப்படி அத்தை... சரி, விடுங்க. இப்பதான் உங்க தம்பி வீட்டுல யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க.

ஏப்ரல்ல வர்றதாத்தான் பேச்சு. எப்படி எழுதறதுன்னு தெரியலை, நேராவே எழுதிடறேன். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருங்க. உங்க மாத்திரை செலவை மாமா பார்த்துக்கறார், அதுவே எங்களுக்குப் பெரிய உதவி. அதோட, நான் இன்னும் உங்க முகத்தைப் பார்த்து சாதாரணமா பேசற நிலைமையில இல்லை. அன்னிக்கு ஸ்கூல்ல நின்னது கனவுல வருது. கோபம் குறையட்டும். கடனும் குறையட்டும்.

அவர் நல்லா இருக்கார். பேச்சுதான் குறைஞ்சு போச்சு. சோறு போட்டா சாப்பிடறார், போடலைன்னா கேக்கறதில்லை.

மருமகள்


ஏப்ரல் 8

அன்புள்ள மருமகளுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் அனைவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் வர வேண்டாம் என்று நீ எழுதியதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நானே உனக்கு எப்படிச் சொல்வது என்று இருந்தேன். இங்கே தம்பியும் அவன் பெண்டாட்டியும் என்னை விடுவதாக இல்லை. "இப்பத்தானே வந்தீங்க" என்கிறார்கள். மாடியில் தனி அறை, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. பகலில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம் வரை நடந்துவிட்டு வருகிறேன். அங்கே எல்லாரும் பழக்கம்.

நீ கோபப்பட்டால் நியாயம்தான். கோபத்தை உள்ளே வைத்துச் சமைக்காதே, குழந்தை சாப்பிடுகிற சோறு.

பல்லை அவளையே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல். நான் வரும்போது கையில் வாங்கிக்கொள்கிறேன்.

உன் மாமியார்


மே 12

மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இது உனக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். உன் ஆபீஸில் தபாலை வாங்கி வைக்க ஆள் இல்லையா, அல்லது நீ வாங்கித் திறக்காமல் வைத்திருக்கிறாயா?

உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் மாமன் ஒரு காசு தரவில்லை. அவனும்தான் எங்கே போவான், நான் வந்த ஒரு மாதத்திலேயே அவன் பெண்டாட்டி என் தட்டில் விழும் சோற்றை எண்ண ஆரம்பித்துவிட்டாள். நான் நர்சிங் ஹோமில் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் போடும் பச்சை அங்கி. கறை போக வேண்டியதை மருந்துத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, காய்ந்ததை மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். அந்த மருந்தில் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது, வயசால் அல்ல. சம்பளத்தை அப்படியே உன் மாமன் பெயரில் உங்களுக்குப் போடுகிறேன். என்னோடு வேலை செய்கிறவள், "உங்களுக்கு மகன் இருக்காராக்கா?" என்று கேட்டாள். பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்றேன்.

எவ்வளவு சீக்கிரம் கடன் தீர்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நான் என் வீட்டுக்கு வரலாம். அதற்காகத்தான் இந்த வேலை. உன்னிடம் பணம் கேட்கவில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளிடம் சொல். சொன்னாயா, இல்லையா என்று ஒரு தபால் கார்டில் ஒரே சொல் எழுதிப் போடு, போதும்.

அம்மா


ஜூன் 16

அத்தைக்கு,

நீங்க நல்லா இருக்கணும். இந்தத் தடவை சுத்தி வளைச்சு எழுத எனக்குத் தெம்பு இல்லை.

போன வாரம் கடைக்கு ஒருத்தர் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். உங்க மகன் கம்பெனியில முன்ன கணக்கு எழுதினவராம். என்னைப் பார்த்துட்டு, "பாவம்மா, பாதிச் சம்பளத்துல எப்படித்தான் ஓட்டினீங்க? நான் ஆறு மாசத்துல ஓடிட்டேன்"னார். நான் சிரிச்சுட்டு, பில் போட்டு, சில்லறையைத் தப்பாக் கொடுத்தேன், அவரே திருப்பிக் கொடுத்துட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். முதல்ல இல்லைன்னார். அப்புறம் ஆமாம்னார். "அப்ப மாசாமாசம் முழுச் சம்பளம்னு எங்கிட்ட எதைக் கொடுத்தீங்க?"ன்னேன். நண்பர்கள்கிட்ட கைமாத்து வாங்கினாராம். எந்த நண்பர்னு கேட்டா பேர் வரலை. நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நான் உங்ககிட்ட கொடுத்ததுல பேங்குக்குப் போகாத பணம் வீட்டுச் செலவுக்குன்னா, நாம தினமும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருக்கணும்.

அதையும் கேட்டேன். "அம்மாகிட்டதான் இருந்திருக்கும், எனக்குத் தெரியாது"ன்னார்.

அத்தை, எனக்கு ஒரே ஒரு கேள்வி. மிச்சப் பணத்தை நீங்க வச்சுக்கிட்டீங்களா, இல்லை அவர் வாங்கினாரா?

நீங்கன்னா, எழுதிடுங்க. வயசான காலத்துல கைக்காவல்னு நாலு காசு ஒதுக்கணும்னு தோணியிருக்கும். நான் கத்துவேன், அப்புறம் மறந்துடுவேன். அவர்னா, ஒரு வருஷமா என் பணத்தை எனக்கே சம்பளம்னு கொடுத்து என்னை எண்ண வச்ச ஆளோட என்னால ஒரே வீட்டுல இருக்க முடியாது. வாண்டைக் கூட்டிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.

உங்க பதில் வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் செய்யலை.

மருமகள்


ஜூன் 29

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் எந்தக் குறையும் வரக் கூடாது.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத்து ஓடவில்லை. இன்றைக்கு ஓடுகிறது.

நான்தான் எடுத்தேன்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. பில் படிக்கத் தெரியாமல் கட்டினேன் என்று சொன்னது பொய். எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். சின்னத் தொகையைக் கட்டிவிட்டு மிச்சத்தை நான் வைத்துக்கொண்டேன். நீ எழுதியிருக்கிற மாதிரி வயசான காலத்துக்கு என்று ஒதுக்கினேன். அது இப்போது இல்லை, செலவாகிவிட்டது. எதற்கு என்று கேட்காதே.

அவன் கைமாற்று வாங்கினேன் என்றால் வாங்கியிருப்பான். சம்பளம் குறைந்ததை உன்னிடம் மறைத்தது தப்பு. அதற்கு நாலு வார்த்தை திட்டு, விட்டுவிடு. ஆண்பிள்ளைகளுக்கு வேலை ஆட்டம் கண்டால் முதலில் நாக்கு கட்டிக்கொள்ளும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அளவு தப்பில்லை.

திருடினவள் என்று தெரிந்த பிறகு என்னை அந்த வீட்டில் வைத்துக்கொள்ள உனக்கு மனம் வராது. வர வேண்டியதும் இல்லை. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். என் அறையில் வாண்டு படிக்கட்டும்.

இந்தக் கடிதத்தை அவனிடமும் காட்டு.

உன் மாமியார்


ஜூலை 11

அத்தை,

உங்க கடிதம் வந்துது. நீங்க சொன்னபடி அவர்கிட்ட காட்டினேன். காட்டினேன்னு சொல்றதைவிட, எதிர்ல உட்கார வச்சு முழுசாப் படிச்சேன்.

"நான்தான் எடுத்தேன்"ங்கற இடத்துல நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமா நீங்க எடுத்திருந்தா, எந்த மகனும் எகிறிக் குதிச்சிருப்பான். "எங்கம்மாவா?"ன்னாவது கேட்டிருப்பான். அவர் மூச்சு விட்டார், அத்தை. பரீட்சையில பாஸ்னு சொன்ன மாதிரி ஒரு மூச்சு. அப்புறம், "அம்மாவை ஒண்ணும் சொல்லாதே, வயசாயிடுச்சு"ன்னார்.

கடனைக்கூட நான் மன்னிச்சிருப்பேன். அந்த மூச்சை முடியாது.

நான் மருந்துக்கடையில வேலை பார்க்கறவ. போன நாலு மாசமா உங்க கடிதத்தைப் பிரிச்சாலே ஆஸ்பத்திரித் துணி ஊற வைக்கற மருந்து வாசனை வருது. அது எந்த மருந்து, கையில பட்டா என்ன செய்யும்னும் தெரியும். மாமா பேர்ல வர்ற பணம் யாரோடதுன்னு ஓரளவு புரிஞ்சுதான் இருந்துது. புரிஞ்சும் கேக்கலை. கேட்டா பணம் நின்னுடுமேன்னு பயம். அவ்வளவுதான் நானும்.

நாளைக்கு வாண்டோட அக்கா வீட்டுக்குப் போறேன். கார்டுல இன்னும் பாதிக்கு மேல இருக்கு. என் பங்கை நான் கட்டுவேன். நீங்க இனிமே ஒரு காசும் போடாதீங்க.

நீங்க எனக்கு அம்மா மாதிரின்னு எழுத வரலை. பொய் எழுதி எல்லாருக்கும் அலுத்துடுச்சு. ஆனா உங்க கையெழுத்து கோணிட்டு வர்றதைப் பார்த்துட்டுதான் இருக்கேன். கைக்கு ஒரு களிம்பு இதோட வச்சிருக்கேன், வேலை முடிஞ்சதும் தடவுங்க.

மருமகள்


ஆகஸ்ட் 2

அம்மா,

நல்லா இருக்கியா? நான் ஏதோ இருக்கேன்.

உன் கடிதமெல்லாம் வந்துது. படிச்சேன். எழுத முடியலை.

அவ போயிட்டா. வாண்டு போகும்போது திரும்பிப் பார்க்கலை. கம்பெனியில இந்த மாசம் பாதியும் இல்லை. வீட்டுல நுழைஞ்சா ஒரு சத்தம் கிடையாது. கதவைத் திறந்து வச்சுட்டே உட்கார்ந்திருக்கேன். நேத்து பேங்க்லேர்ந்து ஆள் வந்தான். அவன்கிட்டதான் கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தேன்.

நீ வந்துடும்மா. உன் அறை அப்படியே இருக்கு. நீ வந்துட்டா எல்லாம் சரியாயிடும். நீ ஒரு வார்த்தை சொன்னா அவளும் வருவா. உன் பேச்சைக் கேப்பா.

டிக்கெட் எடுக்க மாமாகிட்ட வாங்கிக்கோ. அப்புறம் கொடுத்துடலாம்.

உன் மகன்


ஆகஸ்ட் 9

மகனுக்கு,

அம்மா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். நீ சாப்பிடு. கடையில் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு டம்ளர் அரிசியை இரண்டு முறை கழுவி, இரண்டரை டம்ளர் தண்ணீர் வை. அதற்கு யாரும் வர வேண்டியதில்லை.

என் கடிதங்களையெல்லாம் படித்தேன் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டா இருந்தாய்? உன் கைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நான் தபால்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிறாய். நான் அங்கே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? நீ மறுபடி என் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொள்வாய். தெருமுனையில் என் கையைப் பிடித்தாயே, அன்றைக்கே உதறிவிட்டு உன்னை அவள் முன்னால் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். என் மகன் தலைகுனியக் கூடாது என்று பார்த்தேன். குனிந்துதானே இருக்கிறாய் இப்போது?

திருடி என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது மனதுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டேன். இதைப் படித்துக் காட்டும்போது என் பிள்ளை எழுந்து, "இல்லை, எங்கம்மா எடுக்கலை" என்று கத்துவான், அந்த ஒரு கத்தலில் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று. நீ மூச்சு விட்டாயாம். அவள் எழுதியிருக்கிறாள்.

நான் வரவில்லை. உன் மாமன் வீட்டிலும் இல்லை இப்போது. நர்சிங் ஹோமிலேயே சலவை அறைக்குப் பின்னால் இரண்டு பேர் படுக்கிற இடம் கொடுத்திருக்கிறார்கள். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. பணம் இன்னும் போடத்தான் போகிறேன், அவள் பெயருக்கு. அவள் வேண்டாம் என்றாலும்.

நீ அவள் அக்கா வீட்டுக்குப் போ. பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் நட. உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று சொல். அம்மா எடுக்கவில்லை, நான்தான் வாங்கினேன், மாதாமாதம் வாங்கினேன் என்று சொல். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும் அவள். வாண்டும் கேட்கட்டும். அவள் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. வராமலே போகலாம். அதற்குப் பயந்து சொல்லாமல் வந்துவிடாதே.

சொன்ன பிறகு அவள் எனக்கு எழுதுவாள். அவள் வா என்று எழுதினால் அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். நீ கூப்பிட்டு நான் வர மாட்டேன்.

அம்மா